எர்லியில் எங்கே போடுவது: பிரின்ஸ்டனா, கார்னலா, எம்ஐடியா? (எச்-4 குடும்பம்)

எடிசன்வாசி:

பொண்ணு இப்போ 12-ஆம் வகுப்பு, நியூ ஜெர்சி பப்ளிக் ஸ்கூல். 2026 ஃபால் சேர்க்கை. நவம்பர் 1-க்குள் எர்லி (ஜனவரி ரெகுலருக்கு முன்னாடியே போடும் விண்ணப்பம்) எங்கே என்று முடிவு பண்ணணும். வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று கருத்து.

விவரம்: வெயிட் போடாத ஜிபிஏ 3.93, எஸ்ஏடி 1530, ஏபி (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்) மொத்தம் 9 (இந்த வருஷம் எடுப்பதையும் சேர்த்து). ரெண்டு தடவை எய்மி (அழைப்பின் பேரில் எழுதும் கணிதப் போட்டித் தேர்வு) வரைக்கும் போனாள். தமிழ்ப் பள்ளியில் மூன்று வருஷமா சொல்லித் தருகிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸும் கணக்கும் சேர்த்துப் படிக்கணும் என்பது ஆசை.

பணம்: வருமானம் 1,90,000 டாலர் சுற்றி. எடிசனில் வீடு, கடன் இன்னும் பாக்கி. 529-ல் (படிப்புச் சேமிப்புக் கணக்கு) 60,000. ஊரில் கொஞ்சம் பூர்வீக நிலம், சென்னையில் வாடகைக்கு விட்ட ஒரு ஃப்ளாட். வருஷத்துக்கு 45,000 டாலருக்கு மேல் எங்களால் முடியாது. எச்-1பி வேலை விசா, ஐ-140 (கிரீன் கார்டு மனு) ஆகிவிட்டது, பொண்ணு எச்-4 (எச்-1பி குடும்பத்தாருக்கான விசா).

எங்கள் குழப்பம்:
அ) கார்னலுக்கு எர்லி டிசிஷன் (ஈ.டி., கிடைத்தால் கட்டாயம் சேரணும்). சான்ஸ் அதிகம் என்கிறார்கள்.
ஆ) பிரின்ஸ்டனுக்கு சிங்கிள் சாய்ஸ் (சேரக் கட்டாயமில்லை, ஆனால் மற்ற தனியாருக்கு எர்லி போடக்கூடாது).
இ) எம்ஐடிக்குக் கட்டாயமோ தடையோ இல்லாத எர்லி ஆக்‌ஷன், கூடவே யூஐயூசி (இல்லினாய் அரசுப் பல்கலைக்கழகம்), ஜார்ஜியா டெக், பர்டூ, மேரிலேண்ட், ரட்கர்ஸ்.

எதை முதலில் பார்த்து முடிவெடுக்கணும்?

கணக்குவழக்கு:

உங்கள் பதிவில் முதல் வரியில் வந்திருக்க வேண்டிய விஷயம் கடைசியில் இருக்கிறது: எச்-4. எர்லி முடிவு அங்கிருந்துதான் தொடங்கணும்.

பொண்ணு அமெரிக்கப் பள்ளியில் படித்தவள் என்பதால் அவள் விண்ணப்பத்தை அந்தப் பள்ளியின் பின்னணியில்தான் படிப்பார்கள். ஆனால் நிதி உதவி என்று வந்ததும் பெரும்பாலான தனியார் கல்லூரிகள் எச்-4 பிள்ளையைச் சர்வதேச மாணவர் கணக்கில் எழுதிவிடும். அங்கே இரண்டு வகை. ஒன்று நீட்-பிளைண்ட்: உதவி கேட்டாலும் கேட்காவிட்டாலும் சேர்க்கை முடிவு மாறாது. சர்வதேச மாணவருக்கும் அப்படி நடத்தும் கல்லூரிகள் கைவிரல் கணக்குதான்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடன், அண்மையில் பிரவுன், நாட்டர்டாம், இன்னும் ஓரிரண்டு. மற்றொன்று நீட்-அவேர்: உதவி கேட்டால் அதுவும் தராசில் ஏறும். கார்னல் உள்நாட்டு மாணவருக்கு நீட்-பிளைண்ட், சர்வதேச மாணவருக்கு நீட்-அவேர்.

ஆக, "கார்னல் ஈ.டி-யில் சான்ஸ் அதிகம்" என்று கேள்விப்படுவது சிட்டிசன், கிரீன் கார்டு பிள்ளைகளை வைத்துச் சொல்வது. உங்கள் பொண்ணு உதவி கேட்டு ஈ.டி. போட்டால் அந்தச் சலுகையின் பெரும்பகுதி உதவி கேட்ட பெட்டியிலேயே கரைந்துபோகும். உதவி கேட்காமல் போட்டால் வருஷம் 90,000 டாலருக்கு மேல். 45,000-தான் முடியும் என்கிறீர்கள். இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது.

"ஈ.டி. கிடைத்து உதவி பத்தவில்லை என்றால் விலகிக்கொள்ளலாமே?" என்பார்கள். விலகலாம்தான். காமன் ஆப் (பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளம்) ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் உதவிக்கு விண்ணப்பித்து, வந்த தொகை போதாதவருக்குத்தான் அந்தக் கதவு. கேட்காமல் இருந்துவிட்டு டிசம்பரில் "கட்ட முடியாது" என்று சொன்னால் செல்லாது. இன்னொரு பொறியும் உண்டு: சேரும்போது உதவி கேட்காத சர்வதேச மாணவர் பிறகு நான்கு வருஷமும் கேட்க முடியாது என்ற விதி பல நீட்-அவேர் கல்லூரிகளில் இருக்கிறது. நடுவில் கிரீன் கார்டு வந்தால் கதை வேறு. உங்கள் பிரயாரிட்டி டேட்டை (கிரீன் கார்டு வரிசையில் உங்கள் தேதி) வைத்து அதை நம்பலாமா என்பது உங்களுக்கே தெரியும்.

இன்றைக்கே செய்யவேண்டியது: மூன்று கல்லூரியின் நெட் ப்ரைஸ் கால்குலேட்டரையும் (உதவி போக நீங்கள் கட்டவேண்டியதைக் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். 2024 வரிக் கணக்கு கையில் இருந்தால் ஒன்றுக்கு அரை மணி நேரம். அதில் வரும் எண் பெரும்பாலும் சிட்டிசன் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டது என்பதை மறக்கவேண்டாம். பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற இடங்களில் கல்லூரியின் சொந்த உதவி எல்லோருக்கும் ஒரே அளவுகோல், அதனால் எண் ஓரளவு நிற்கும். கார்னலில் எச்-4-க்கு அந்த எண் உத்தரவாதமே இல்லை.

கால்குலேட்டர் தடுமாறும் மூன்று இடங்கள் உங்களிடம் இருக்கின்றன.

வீடு: பிரின்ஸ்டன் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. ஹார்வர்டும் அப்படித்தான். எடுக்கும் கல்லூரிகளும் உண்டு, எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும்.

சென்னை ஃப்ளாட்: சிஎஸ்எஸ் ப்ரொஃபைலில் (தனியார் கல்லூரிகள் உதவிக்குக் கேட்கும் படிவம்) "மற்ற ரியல் எஸ்டேட்" பகுதியில் வந்தாகணும். வாடகையும் வருமானத்தில் வரணும். இந்தியாவில் இருக்கிறது, யாருக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. வரிக் கணக்கில் அந்த வாடகை இருக்கும், ஐடாக்கில் (ஆவணம் ஏற்றும் தளம்) வரிக் கணக்கை ஏற்றச் சொல்வார்கள், இரண்டும் ஒத்துப்போகாது.

பூர்வீக நிலம்: பாகம் பிரிக்காத சொத்து என்றால் உங்கள் பங்கை மட்டும் போடுங்கள். கேட்பது சந்தை மதிப்பு, பத்திர ஆபீஸ் வழிகாட்டி மதிப்பு அல்ல. விற்கமுடியாத கூட்டுச் சொத்து என்பதையும், ஊரில் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தையும் "ஸ்பெஷல் சர்க்கம்ஸ்டன்ஸ்" பெட்டியில் இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள். கழித்துத்தான் ஆகணும் என்று அவர்களுக்குக் கட்டாயமில்லை. எழுதாவிட்டால் கழிக்க வாய்ப்பே இல்லை.

ஃபாஃப்ஸா (மத்திய அரசு உதவிப் படிவம்) எச்-4-க்கு இல்லை, அதில் நேரம் போக்கவேண்டாம்.

புள்ளிக்காரர்:

பணம் பற்றி மேலே சொன்னது முழுவதும் சரி. "சான்ஸ் அதிகம்" என்ற பேச்சை எப்படிச் சோதிப்பது என்று மட்டும் சொல்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் சதவீதங்களை நம்பாதீர்கள்.

கல்லூரிப் பெயரோடு "காமன் டேட்டா செட்" (கல்லூரியே வெளியிடும் புள்ளிவிவரம்) என்று தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். சி1-இல் மொத்த விண்ணப்பம், மொத்தச் சேர்க்கை. சி21-இல் எர்லி டிசிஷன் விண்ணப்பம், சேர்க்கை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ரெகுலர் கிடைக்கும். உதாரணத்துக்கு வைத்துக்கொண்ட எண்கள் (எந்தக் கல்லூரியுடையதும் அல்ல): மொத்தம் 50,000 பேர் போட்டு 3,500 பேர் உள்ளே. அதில் ஈ.டி. 6,000 பேர், உள்ளே 1,000. ஈ.டி. 16.7 சதவீதம். மிச்சம் 44,000-இல் 2,500, அதாவது 5.7 சதவீதம். மூன்று மடங்கு என்று குதிக்கத் தோன்றும்.

அந்த 1,000 பேர் யார் என்று பார்க்கணும். விளையாட்டுக் கோச் முன்பே பேசிவைத்த பிள்ளைகள் அநேகமாக எர்லியில்தான் வருவார்கள். குவெஸ்ட்பிரிட்ஜ் மேட்ச்சில் (வருமானம் குறைந்த மாணவருக்கான திட்டம்) வருகிறவர்களையும் சில கல்லூரிகள் இதே கணக்கில் சேர்க்கின்றன. இவர்கள் 250 பேர் என்று வைத்தால் 5,750-க்கு 750, 13 சதவீதம். முன்னாள் மாணவர் பிள்ளைகளைக் கழித்தால் இன்னும் இறங்கும். மிச்சம் இருப்பதுதான் உங்கள் பொண்ணு நிற்கும் வரிசை. சலுகை இருக்கிறது, ஆனால் மூன்று மடங்கு இல்லை.

சலுகை ஏன் இருக்கிறது என்பதும் முக்கியம். ஈ.டி.யில் எடுத்தவர் கட்டாயம் வருவார், கல்லூரிக்கு இடம் நிரம்பியது உறுதி. பிரின்ஸ்டன் சிங்கிள் சாய்ஸில் அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் அங்கே சலுகை இதைவிட மெலிது. எம்ஐடியில் இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள்: சமீப வருஷங்களில் எர்லி 5, 6 சதவீதம், மொத்தம் நாலரையை ஒட்டி. எர்லி போட்டவரில் பாதிக்கு மேல் டிஃபர் ஆகி (முடிவு தள்ளிவைக்கப்பட்டு) ரெகுலர் கூடைக்குத்தான் போகிறார்கள்.

(ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் எர்லியே வேண்டாம் என்று 2006-இல் அறிவித்தன. மற்ற பெரிய கல்லூரிகள் பெரும்பாலும் பின்னால் வரவில்லை. 2011-இல் இரண்டும் திரும்பக் கொண்டுவந்தன. தனியாக ஆயுதத்தைக் கீழே போட யாருக்கும் மனசு வராத போட்டி இது.)

1530 பற்றி: சி9-இல் சேர்ந்தவர்களின் 25, 75 பர்சன்டைல் இருக்கும். உங்களுக்குப் பார்க்கவேண்டியது கணிதப் பகுதி. சிஎஸ் கேட்கும் பிள்ளைக்குக் கணிதம் 800-க்கு மிக அருகில் இல்லையென்றால் அக்டோபர் தேர்வை ஒருமுறை எழுதலாம். எம்ஐடி, ஜார்ஜியா டெக், பர்டூ மூன்றுக்கும் மதிப்பெண் கட்டாயம். கார்னலுக்கும் இந்த வருஷத்திலிருந்து கட்டாயம். பிரின்ஸ்டனுக்கு இந்தச் சுற்றில் கட்டாயமில்லை, ஆனால் 1530-ஐ மறைக்க ஒரு காரணமும் இல்லை.

எதிர்க்கட்சி:

பிரின்ஸ்டன் சிங்கிள் சாய்ஸ் போடுகிற எல்லோரும் ஏதோ ஒன்றை இழக்கிறார்கள், அதை யாரும் சொல்லவில்லையே. அதைப் போட்டால் நவம்பரில் எம்ஐடி கிடையாது, நார்த்ஈஸ்டர்ன், கேஸ் வெஸ்டர்ன் மாதிரி தனியார் எர்லி ஆக்‌ஷனும் கிடையாது. மெலிதான சலுகைக்காக இவ்வளவையும் விடணுமா? (இ)-யில் எல்லாக் கதவும் திறந்தே இருக்கிறது. என் ஓட்டு (இ).

எடிசன்வாசி:

கணக்குவழக்கு சார், நன்றி. மூன்று கால்குலேட்டரும் போட்டாச்சு. பிரின்ஸ்டன், எம்ஐடி இரண்டும் 45,000-க்குள் வருகிறது. கார்னல் எய்ட் ஆபீசுக்கு எச்-4 என்று குறிப்பிட்டு மெயில் அனுப்பினோம். "சர்வதேச மாணவருக்கான நிதி வரையறுக்கப்பட்டது" என்று பதில். (அ) போய்விட்டது.

இப்போ பிரின்ஸ்டனா எம்ஐடியா. பிரின்ஸ்டன் சிங்கிள் சாய்ஸ் போட்டால் யூஐயூசி, ஜார்ஜியா டெக் எல்லாம் எர்லியில் போடலாமா கூடாதா? ஸ்கூல் கவுன்சலர் ஒன்று சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் வேறு சொல்கிறார்.

கடைசித்தேதி:

போடலாம். சிங்கிள் சாய்ஸ் தடுப்பது மற்ற தனியார் கல்லூரிகளின் எர்லி ஆக்‌ஷனையும், எந்தக் கல்லூரியானாலும் ஈ.டி.யையும். கட்டுப்படுத்தாத திட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போடலாம், வெளிநாட்டுக்கும் போடலாம். ஆக யூஐயூசி, ஜார்ஜியா டெக், பர்டூ, மேரிலேண்ட், ரட்கர்ஸ் ஐந்துமே கூடும். மிச்சிகன் சேர்க்க நினைத்தால் கவனம்: இந்த வருஷம் அங்கே ஈ.டி.யும் வந்திருக்கிறது. விண்ணப்பத்தில் விரியும் பட்டியலில் எர்லி ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுங்கள். விரல் தவறி ஈ.டி. அமுக்கினால் பிரின்ஸ்டன் விதியை மீறியதாகிவிடும்.

எதிர்க்கட்சி சொன்ன இழப்பு உண்மைதான், ஆனால் இந்தப் பொண்ணுக்கு அது சின்னது. எம்ஐடி எர்லியில் தனிச் சலுகை இல்லை என்று புள்ளிக்காரர் காட்டிவிட்டார். அப்படியானால் எம்ஐடியை ஜனவரி ரெகுலருக்குத் தள்ளினால் போவது ஒன்றுமில்லை. தனியார் எர்லி ஆக்‌ஷன் கல்லூரிகள் இந்தப் பட்டியலில் முதலிலேயே இல்லை. அதனால் பிரின்ஸ்டன் சிங்கிள் சாய்ஸ், ஐந்து அரசுப் பல்கலைக்கழகங்கள், ஜனவரிக்கு எம்ஐடி என்பதே என் கணக்கு. ஒரே ஒரு நிபந்தனை: பிரின்ஸ்டன் எஸ்ஸேக்கள் அக்டோபர் நடுவில் உண்மையிலேயே தயாராக இருக்கணும். அரைகுறையாக எர்லி போடுவதைவிட நன்றாக எழுதி ரெகுலரில் போடுவது மேல். இதே போல 11-ஆம் வகுப்பு மார்க் சறுக்கியிருந்தாலும் காத்திருக்கலாம், ரெகுலரில் 12-ஆம் வகுப்பு முதல் செமஸ்டர் மார்க்கையும் பார்ப்பார்கள். 3.93-க்கு அந்தத் தேவை தெரியவில்லை.

அரசுப் பல்கலைக்கழகங்களை "பேக்கப்தானே" என்று கடைசியில் தொடாதீர்கள். யூஐயூசியில் சிஎஸ் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே சிஎஸ் கேட்கணும். வேறு துறையில் நுழைந்து பிறகு மாறுவது நடக்காத காரியம். கணக்கும் சேர்த்துப் படிக்க ஆசை என்பதால் அங்கே கணிதமும் சிஎஸ்சும் இணைந்த பட்டத்தையும் பாருங்கள். மேரிலேண்டில் பெரும்பாலான இடம் நவம்பர் 1 எர்லியிலேயே போய்விடும். ரட்கர்ஸ் மதிப்பெண் பட்டியலை மாணவரே தட்டச்சு செய்யும் எஸ்ஆர்ஏஆர் படிவம் கேட்கும். விண்ணப்பம் போட்டாச்சு என்று நிம்மதியாக இருந்து, இந்தப் படிவம் போகாததால் கோப்பு முழுமையடையாமல் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. ரட்கர்ஸில் எச்-4-க்கு நியூ ஜெர்சிவாசிக் கட்டணம் எப்படி என்பதை ரெசிடென்சிப் பக்கத்தில் படித்து, சந்தேகம் இருந்தால் எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். 21 வயது ஆனதும் எச்-4 முடியும், எஃப்-1-க்கு மாறணும். பல மாநிலங்களில் அப்போது உள்ளூர்க் கட்டணமும் போய்விடும். பொண்ணுக்கு 21 எந்த வருஷம் என்று இப்போதே எண்ணிப் பாருங்கள்.

தேதி வரிசை:

செப்டம்பர் முதல் பாதி: ரெகமெண்டேஷன் தரும் இரண்டு ஆசிரியர்களிடம் கேட்டு முடிக்கணும். எம்ஐடி ஒருவர் கணிதம் அல்லது அறிவியல், இன்னொருவர் மொழி, வரலாறு பக்கம் என்று எதிர்பார்க்கும். அதே ஜோடி பிரின்ஸ்டனுக்கும் பொருந்தும். எம்ஐடிக்குக் காமன் ஆப் கிடையாது, தனித் தளம்.

அக்டோபர் தொடக்கம்: பல பள்ளிகளில் நவம்பர் 1 விண்ணப்பத்துக்கு ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்கும் கடைசித்தேதி மூன்று, நான்கு வாரம் முன்னதாகவே வந்துவிடும். கல்லூரித் தேதியைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் அக்டோபர் 1 திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்து 16.

அக்டோபர் 25-க்குள்: சமர்ப்பித்துவிடுங்கள். காமன் ஆப்பில் பணம் கட்டுவது வேறு, சமர்ப்பிப்பது வேறு. பணம் கட்டியபின் திரும்ப வந்து கையொப்பப் பெட்டியில் பெயர் அடித்து "சப்மிட்" அமுக்கணும். திரையில் கலர்க் காகிதத் துண்டுகள் பறந்தால்தான் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். கிரெடிட் கார்டு ரசீதைப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடியவர்கள் நிறைய.

அடுத்து, நம்மவர்களுக்கே உரிய சிக்கல்: பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, விசாவில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்ற குறி), பள்ளியில் அப்பா பெயர் கடைசிப் பெயர், எஸ்ஏடி கணக்கில் இனிஷியல். கல்லூரிக் கணினி எஸ்ஏடி மதிப்பெண்ணையும் விண்ணப்பத்தையும் பெயர், பிறந்ததேதி வைத்துத்தான் சேர்க்கும். பெயர் மாறினால் மதிப்பெண் அனாதையாகத் தொங்கும். காமன் ஆப், எஸ்ஏடி, சிஎஸ்எஸ் மூன்றிலும் ஒரே எழுத்து, ஒரே வரிசை. ஏற்கெனவே மாறியிருந்தால் கல்லூரி போர்ட்டல் திறந்ததும் பட்டியலில் எது "வரவில்லை" என்று காட்டுகிறதோ அதற்கு இரண்டு பெயரையும் குறிப்பிட்டு மெயில் போடுங்கள். போர்ட்டல் புதுப்பிக்க ஒரு வாரம் வரை ஆகலாம், அதற்குள் பதறவேண்டாம்.

எடிசன்வாசி:

தெளிவாச்சு. பிரின்ஸ்டன் என்று முடிவு. ஒரே ஒரு கேள்வி: டிசம்பரில் டிஃபர் ஆனால் ஈ.டி. 2 (ஜனவரியில் போடும் இரண்டாம் சுற்று ஈ.டி.) எங்கேயாவது போடலாமா?

கணக்குவழக்கு:

விதிப்படி போடலாம், டிஃபரோ மறுப்போ வந்ததும் கட்டு அவிழ்ந்துவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வாண்டர்பில்ட், வாஷ்யூ, எமரி, டஃப்ட்ஸ், ரைஸ் என்று ஈ.டி. 2 உள்ள கல்லூரிகள் ஏராளம். ஆனால் இவற்றிலும் எச்-4 உதவிக் கணக்கு கார்னல் மாதிரியேதான், கையெழுத்துப் போட்டுக் கட்டுப்பட்டுக்கொள்வதும் அதே மாதிரிதான். (அ)-வை எந்தக் காரணத்துக்காக அடித்தீர்களோ அந்தக் காரணம் ஜனவரியில் மாறப்போவதில்லை. டிசம்பர் நடுவில் மனசு உடைந்திருக்கும்போது எடுக்கிற முடிவு என்பதால் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எம்ஐடி, மற்ற ரெகுலர் எஸ்ஸேக்களை முடிவு வருவதற்கு முன்பே, நன்றியறிதல் விடுமுறையிலேயே எழுதி முடிக்கட்டும். வந்தபின் இரண்டு வாரத்தில் ஆறு எஸ்ஸே எழுதுவது யாருக்கும் நன்றாக வராது.

கடைசித்தேதி:

ஒன்று விட்டுப்போச்சு. பிரின்ஸ்டன் மார்க் போட்ட பள்ளிக் கட்டுரை ஒன்று கேட்கும், ஆங்கிலம் அல்லது வரலாற்றுப் பாடத்தில் எழுதியது நல்லது. ஆசிரியரின் மதிப்பெண்ணும் குறிப்பும் அதில் தெரியணும். கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றிய கட்டுரை என்றால் மார்க் தனிப் பக்கத்தில்தான் நிற்கும், கோப்பை மட்டும் இறக்கினால் வெறும் கட்டுரைதான் வரும். ஆசிரியரிடம் மார்க்கும் குறிப்பும் எழுதித் தரச்சொல்லி, ஸ்கேன் எடுத்து, செப்டம்பரிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.